அடம் பிடிக்கும் குழந்தையும் ஆத்திரப்படும் பெற்றோரும்



அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம். உம்மா அடுப்பங்கரையில் இருக்கிறாள். இரண்டு வயதுப் பிள்ளை வந்து சீனி டப்பாவைக் கேட்கிறது. "இப்போ வேணாம்மா, சோறு தின்னுட்டு தாறேன்" என்கிறாள் உம்மா. அவ்வளவுதான். பிள்ளை தரையில் விழுகிறது, காலை உதைக்கிறது, தலையைத் தரையில் முட்டுகிறது, தெருவுக்கே கேட்கும்படிக் கத்துகிறது. "கொஞ்சம் கொடுத்தாத்தான் என்ன?" என்கிறார் உம்மும்மா. "முதுகுல ரெண்டு வச்சா அடங்கும்" என்கிறார் மாமா. "கண்ணேறு பட்டிருக்கும், ஓதி ஊதுங்க" என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. நடுவில் நிற்கும் உம்மாவுக்கு எதைச் செய்வதென்று தெரியவில்லை. முதலில் கெஞ்சுகிறாள், பிறகு மிரட்டுகிறாள், கடைசியில் அடித்துவிடுகிறாள். பிள்ளை ஒரு மூலையில் அழ, அவள் இன்னொரு மூலையில் அழுகிறாள்.

இந்தக் காட்சி நடக்காத வீடு நம்மில் உண்டா? ஏழை வீடு, பணக்கார வீடு, ஆலிம் வீடு, வியாபாரி வீடு என்ற வித்தியாசம் இதற்கு இல்லை. ஆனால் இந்த ஐந்து நிமிஷத்தில் நாம் நடந்துகொள்ளும் விதம், அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் நம்மைப் பற்றி என்ன எழுதி வைக்கிறது என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. நமது மார்க்கம் காட்டும் வழியையும், இக்காலக் குழந்தை மருத்துவம் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஓரிடத்தில் வந்து சேருகின்றன: அந்த நேரத்தில் முதலில் அடங்க வேண்டியது பிள்ளையின் அழுகை அல்ல, பெரியவர்களின் கோபம்.

நான் செய்த தவறு

பிறர் குறையைச் சொல்லுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து வாழ்வார். ஆண்கள் முன்பு கொழும்புக்கும், பின்னர் அரபு நாடுகளுக்கும் சபர் போவார்கள். பிள்ளைகள் உம்மா, உம்மும்மா, சாச்சிமார் என்று பெண்கள் நடுவிலேயே வளரும். நானும் துபையில் வேலை பார்த்தவன். 1992ஆம் வருஷம் மகள் பிறந்து ஆறாம் மாதத்தில் பயணம் புறப்பட்டுப் போனேன். விடுப்பில் திரும்பி வந்தது 1994ன் கடைசியில்.

முகம் பார்த்துப் பேசும் போன் அன்று கிடையாது. கடிதம் வரும், பேசிப் பதிந்த கேசட் வரும். "வாப்பா எங்கே?" என்று கேட்டால் என் மகள் டேப்ரிக்கார்டரைக் கை காட்டுவாளாம். அந்தப் பெட்டிதான் அவளுக்கு வாப்பா. திடீரென்று தாடி வைத்த ஒரு மனிதர் வந்து, "நான்தான் உன் வாப்பா" என்றால் அவள் எப்படி நம்புவாள்?

வந்த மூன்றாம் நாள் மாலை. சபுராளியைப் பார்க்க உறவினர் வந்து கூடம் நிறைந்திருந்தது. மகள் என் கைக்கடிகாரத்தைக் கேட்டாள். முதலில் விளையாடக் கொடுத்தேன். பிறகு உடைத்துவிடுவாளோ என்று வாங்கிக்கொண்டேன். முற்றத்தில் விழுந்து புரண்டு கத்தினாள். வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பிள்ளை வாப்பாவுக்கு அடங்க மாட்டேங்குதே!" என்று ஒருவர் சிரித்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டேன். சத்தம் நின்றுவிட்டது. மூச்சு விம்ம, ஓடிப்போய் உம்மும்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

என் மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கமில்லாதவர். கதவுக்கு அப்பாலிருந்து தன் மகளிடம் சொல்வதுபோல, என் காதில் விழும்படி, "புள்ளை மத்தியானம் தூங்கல்லம்மா. சோறும் சரியா தின்னல்ல. வீடு நிறைய புது முகம். பச்சப்புள்ளைக்கு என்ன தெரியும்? பெரியவங்களுக்குல்ல தெரியணும்" என்றார். அவர் ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் குழந்தை மருத்துவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அன்று நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார்.

அந்த விடுப்பு முடியும்வரை மகள் என் மடிக்கு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்தேன். அப்போது அவள் நல்ல அடக்கமான பிள்ளை. ஒருநாள் அலமாரி மேலிருந்த குர்ஆன் ஷரீபை எடுக்கக் கையை உயர்த்தினேன். பக்கத்தில் நின்றவள் தோளைச் சுருக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மறந்துபோன அடியை அந்தப் பிள்ளையின் உடம்பு மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு கணம்தான்.

குறும்பா, குற்றமா?

அடம் பிடிப்பது சாதாரணமாக ஒரு வயதை ஒட்டித் தொடங்கும். இரண்டு, மூன்று வயதில் அதிகமாக இருக்கும். நான்கு வயதுக்குப் பின் படிப்படியாகக் குறையும். உலகமெங்கும் குழந்தைகள் இப்படித்தான். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் குடெனஃப் என்ற பெண் அறிஞர், பிள்ளைகள் கோபப்படும் ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று தாய்மார்களையே வீட்டில் குறிப்பெழுதச் செய்து, 1931ஆம் வருஷம் அதை நூலாக வெளியிட்டார். பசி நேரத்திலும் களைப்பு நேரத்திலும் இது கூடுகிறது என்று அக்குறிப்புகள் காட்டின. காயல்பட்டினத்து உம்மும்மாவும் அதைத்தானே சொன்னார்!

காரணம் என்ன? ஆசையும் கோபமும் பிறவியிலேயே வருகின்றன. அவற்றை அடக்கும் ஆற்றல் பிறகுதான் வருகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் 'பொறு, யோசி' என்று நம்மைத் தடுப்பது. அது இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். இரண்டு வயதில் அது அரும்பு நிலையில் இருக்கிறது. பேச்சும் அப்படித்தான். அந்த வயதில் பல பிள்ளைகளுக்கு ஐம்பது சொல் போலத்தான் தெரியும். இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச அப்போதுதான் பழகும். 'எனக்குக் களைப்பாக இருக்கிறது, இத்தனை பேரைப் பார்த்துப் பயமாக இருக்கிறது' என்று சொல்ல அதற்கு வார்த்தை இல்லை. வார்த்தை இல்லாததால் காலை உதைக்கிறது.

ஆகவே இது நம்மை வேண்டுமென்றே அவமானப்படுத்தச் செய்யும் சதியல்ல. 'ஷைத்தான் பிடித்த பிள்ளை' என்று சொல்வதும் தகாது. பருவம் அடையும்வரை பிள்ளையை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னதாக அபூதாவூதிலும் மற்றக் கிரந்தங்களிலும் வந்திருக்கிறது. படைத்த ரப்பே அதன் மீது குற்றம் எழுதவில்லை. நாம் எழுதலாமா? தொழுகையைக்கூட ஏழு வயதில்தான் ஏவச் சொன்னார்கள். தொழ ஏவும் வயதுக்கே வராத பிள்ளையிடம், நாற்பது வயது மனிதனுக்கே கைவராத பொறுமையைக் கேட்பது எந்த நியாயம்?

அழுகைக்குப் பின்னால் இருப்பது

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் நடந்ததாக வரலாற்று நூல்கள் கூறும் சம்பவம் ஒன்று உண்டு. மதீனாவுக்கு வெளியே வந்து தங்கியிருந்த கூட்டத்தாருக்கு இரவில் அவர்கள் காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. தாயிடம் போய்க் குழந்தையைக் கவனிக்கச் சொன்னார்கள். மீண்டும் அழுதது, மீண்டும் போனார்கள். கடைசியில் அந்தத் தாய், வந்திருப்பவர் கலீஃபா என்று அறியாமல், உண்மையைச் சொன்னாள்: பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித்தொகை கொடுக்கிறார், அதனால் காலத்துக்கு முன்பே பால் மறக்க வைக்கிறேன் என்றாள். அன்று பஜ்ரு தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையால் பிறருக்குத் தெளிவாகக் கேட்கவில்லையாம். பிறந்த பிள்ளை அனைத்துக்கும் உதவித்தொகை உண்டு, பால் மறக்க அவசரப்படாதீர்கள் என்று ஊரெங்கும் அறிவிக்கச் செய்தார்கள்.

இதில் நமக்குப் பாடம் உண்டு. அழுகையை நிறுத்து என்று கட்டளையிட்டு அவர்கள் போய்விடவில்லை. அது ஏன் நிற்கவில்லை என்று தேடினார்கள். தேடியபோது காரணம் குழந்தையிடம் இல்லை, தம் சட்டத்தில் இருந்தது என்று கண்டார்கள். அதை மாற்றிக்கொள்ள வெட்கப்படவில்லை.

நம் வீடுகளில் தேட வேண்டிய காரணங்கள் சில:

பசியும் தூக்கமும். ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் வகுத்திருக்கிறது. நம் கல்யாண வீடுகளை எண்ணிப் பாருங்கள். இரவு பன்னிரண்டு மணிவரை விளக்கு, மைக், விருந்து. மறுநாள் பிள்ளை அழுதால் கண்ணேறு என்கிறோம். பாதுகாவல் துஆ ஓதுவது நல்லது; நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் ஓதியிருக்கிறார்கள். ஓதி ஊதுங்கள். அத்துடன் பிள்ளையைத் தூங்கவும் வையுங்கள்.

இரத்தச் சோகை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தச் சோகை உள்ளவர்கள். உடம்பில் இரும்புச் சத்து குறைந்த பிள்ளை சோர்ந்தும் சிணுங்கியும் இருக்கும். பால் மட்டுமே குடித்து, சோறு, கீரை, பருப்பு, முட்டை, இறைச்சி எதையும் தொடாத பிள்ளை எப்போதும் எரிச்சலாக இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மாற்றம். தம்பியோ தங்கையோ பிறப்பது, பால் மறக்கடிப்பது, உம்மும்மா ஊருக்குப் போவது, சபரிலிருந்து வாப்பா வருவது, இவையெல்லாம் நமக்குச் சாதாரணம். பிள்ளைக்கோ உலகமே மாறியது போல. பால் மறக்கடிப்பதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்து பேசி மனமொப்பிச் செய்யும்படி அல்லாஹுதஆலா பகரா சூராவில் வழிகாட்டுகிறான். கைப்பிள்ளையின் விஷயம் கலந்தாலோசிக்கத் தக்க அளவுக்குப் பெரியது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அண்ணலார் காட்டிய வழி

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு சிறு தம்பி. அவர் ஒரு சின்னக் குருவியை வைத்து விளையாடுவார். அது இறந்துபோனது. பிள்ளை வாடிப் போயிருந்ததைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் என்னவென்று விசாரித்து, பெரிய மனிதரை அழைப்பதுபோல் பட்டப் பெயர் சொல்லி அழைத்து, குருவிக்கு என்ன ஆயிற்று என்று அன்போடு கேட்டார்கள். வஹீ இறங்கிக்கொண்டிருந்த காலம். ஓர் உம்மத்தின் பாரம் முழுவதும் அவர்கள் தோளில். இருந்தும் குருவிக்காக அழுத பிள்ளையின் துக்கம் அவர்களுக்கு அற்பமாகத் தெரியவில்லை. 'குருவிதானே, வேறு வாங்கித் தாறேன், சும்மா இரு' என்று வாயை அடைக்கவில்லை.

தொழுகையில் நிற்கும்போது பிள்ளை அழும் சத்தம் கேட்டால், அதன் தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பள்ளிவாசலில் பிள்ளை அழுததும் திரும்பி முறைக்கும் நம்மவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுப்பதா? இல்லை. ஸதக்காவாக வந்த பேரீச்சம் பழத்தில் ஒன்றைச் சிறுவர் ஹஸன் (ரலி) வாயில் போட்டுக்கொண்டார்கள். நாயகத்தின் குடும்பத்தாருக்கு ஸதக்கா ஆகாது. 'கிக், கிக்' என்று பிள்ளைக்குப் புரியும் சத்தத்தில் சொல்லி அதைத் துப்பச் செய்து, நாம் ஸதக்காப் பொருளை உண்பதில்லை என்ற காரணத்தையும் சொன்னார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. உயிருக்கு உயிரான பேரர்தான். ஆனாலும் ஆகாதது ஆகாததுதான். அடி இல்லை, ஏச்சு இல்லை, விட்டுக்கொடுத்ததும் இல்லை. கண்டிப்பும் கனிவும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு ஹதீஸைச் சிந்தித்தால் போதும்.

முதலில் நம் கோபம்

மல்யுத்தத்தில் வீழ்த்துபவனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே பலசாலி என்பது நாம் பயானில் அடிக்கடி கேட்கும் நபிமொழி. கடைவீதிச் சண்டைக்கும் ஜமாஅத் கூட்டத்துக்கும் அதைப் பொருத்துகிறோம். நம் முழங்கால் உயரம்கூட இல்லாத பிள்ளை முன்னால்தான் அதற்கு உண்மையான பரீட்சை. கடைக்காரரிடம் கோபத்தை விழுங்குகிறோம். அவர் திருப்பிப் பேசுவார். முதலாளியிடம் விழுங்குகிறோம், சீட்டுக் கிழிந்துவிடும். பிள்ளையிடம் விழுங்குவதில்லை. ஏன்? அதனால் நம்மை ஒன்றும் செய்ய முடியாது என்பதால். கோபத்தை விழுங்குவோரையும் மனிதரை மன்னிப்போரையும் ஆல இம்ரான் சூராவில் அல்லாஹ் புகழ்ந்திருக்கிறான். வீட்டுப் பிள்ளைகள் அந்த மனிதர்களில் சேர மாட்டார்களா?

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கட்டும் என்றும், ஒளுச் செய்யட்டும் என்றும் அபூதாவூதில் வந்துள்ளது. பிள்ளை கத்தும்போது இதைச் செய்து பாருங்கள். நின்றுகொண்டு கத்தும் பெரியவர் பிள்ளையின் கண்ணுக்கு மலை போலத் தெரிவார். தரையில் உட்கார்ந்துவிட்டால் நம் கோபமும் இறங்குகிறது. பிள்ளையின் பயமும் இறங்குகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தால், போய் ஒளுச் செய்து வாருங்கள்.

இன்னொன்று நாவு. ஆத்திரத்தில் "நாசமாப் போ", "உன்னப் பெத்ததுக்கு..." என்றெல்லாம் சில தாய்மார் வாயில் வந்துவிடுகிறது. நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பொருளுக்கும் எதிராகத் துஆச் செய்யக் கூடாது, அது துஆ ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக முஸ்லிம் ஷரீபில் இருக்கிறது. ஆத்திரத்தில் வாய் திறந்தால், "அல்லாஹ் உன்னை நல்லா வைக்கட்டும்" என்று சொல்லிப் பழகுங்கள். பழக்கம்தான், சில வாரத்தில் வந்துவிடும்.

அந்த ஐந்து நிமிஷத்தில் செய்ய வேண்டியவை

நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளியாள் கல்லைக் கட்டிக் கடலில் இறங்குவார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். தூத்துக்குடியில் கடைசியாக அரசாங்க முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். என்றாலும் கேட்டறிந்த முதியவர்கள் நம்மில் உண்டு. கயிறு பிடித்தவரால் கீழே நடப்பதை மாற்ற முடியாது. அவசரப்பட்டு இழுக்கவும் கூடாது. கயிற்றை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கவும் கூடாது. கையில் அசைவு தெரிந்ததும் இழுக்க வேண்டும். அழுகையில் மூழ்கிய பிள்ளைக்கு நாம் அந்தக் கயிறு பிடிப்பவர்கள்.

1. முதலில் ஆபத்தைப் பாருங்கள். அடுப்பு, கிணறு, படி, சாலை அருகே இருந்தால் பேசாமல் தூக்கி அப்பால் கொண்டுபோங்கள். தலையை முட்டினால் கீழே ஒரு தலையணை வையுங்கள்.

2. பக்கத்தில் உட்காருங்கள். குரலைத் தாழ்த்தி ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: "சீனி கேட்டே, உம்மா தரல்ல, கோபமா இருக்கு. உம்மா இங்கேதான் இருக்கேன்." பிள்ளைக்குத் தெரியாத வார்த்தையை நாம் சொல்லிக் கொடுக்கிறோம். நாளை உதைப்பதற்குப் பதில் 'கோபம்' என்று சொல்லும். நீண்ட உபதேசம் வேண்டாம். அந்த நேரத்தில் ஏறாது.

3. மறுத்ததைக் கொடுக்காதீர்கள். கொடுக்கலாம் என்று தோன்றினால் முதல் தடவை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். பத்து நிமிஷம் கத்தியபின் கொடுத்தால், பத்து நிமிஷம் கத்தினால் கிடைக்கும் என்று படித்துக்கொள்ளும்.

4. அடித்தால், கடித்தால், கையை மெதுவாகப் பிடித்து, "உம்மாவை அடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அடிக்கக் கூடாது என்று அடித்துச் சொல்ல முடியாது.

5. அடங்கியதும் அணைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுங்கள். பழையதைக் கிளறாதீர்கள். பெரும்பாலும் சில நிமிஷங்களில் முடிந்துவிடும்.

வராமல் தடுப்பதற்கும் வழி உண்டு. விளையாட்டை நிறுத்துமுன், "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டுப் போவோம்" என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். சின்ன விஷயத்தில் தேர்ந்தெடுக்க விடுங்கள்: சிவப்புச் சட்டையா, பச்சைச் சட்டையா? பசி நேரத்தில் பஜாருக்குக் கூட்டிப் போகாதீர்கள். நல்லபடி இருக்கும்போது பாராட்டுங்கள். பல வீடுகளில் கத்தும்போது மட்டும்தான் பிள்ளை பக்கம் முகம் திரும்புகிறது.

செய்யக் கூடாதவை

பொய் வாக்குறுதி வேண்டாம். ஒரு தாய் தன் சிறுவரை, "வா, தாறேன்" என்று அழைத்தபோது, அங்கிருந்த நாயகம் (ஸல்) அவர்கள் என்ன கொடுக்க நினைத்தாய் என்று கேட்டார்கள். பேரீச்சம் பழம் என்றாள். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. "அழாதே, தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போய் மக்ரூன் வாங்கித் தாறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோகும் நாம் எத்தனை பேர்!

பயங்காட்ட வேண்டாம். ஜின்னு வருது, பூச்சாண்டி வருது, டாக்டர் ஊசி போடுவார், லெப்பைட்ட சொல்லி அடி வாங்கித் தாறேன் என்று சொன்னால், பிற்பாடு ஓதுகிற பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளை எப்படி மகிழ்ச்சியோடு போகும்? "அழுதா அல்லாஹ் நெருப்புல போடுவான்" என்பது இவற்றில் கொடியது. ரஹ்மானைப் பற்றிப் பிள்ளை கேட்கும் முதல் செய்தி இதுவாகவா இருக்க வேண்டும்?

கையில் போனைக் கொடுத்து அடக்க வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழ் திரை பார்க்க விடுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. அழுகை நிற்கிறது, உண்மைதான். ஆனால் தன்னைத் தானே தணித்துக்கொள்ளும் பழக்கம் வளராமல் போகிறது. பிறகு போனை வாங்குவதற்கே அடுத்த சண்டை.

வீட்டில் நாலு சட்டம் வேண்டாம். உம்மா மறுத்ததை உம்மும்மா கொடுப்பதும், சாச்சி ஒளித்துக் கொடுப்பதும் கூட்டுக் குடும்பத்தில் சகஜம். பிள்ளை இல்லாத நேரத்தில் பெரியவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். எது ஆகும், எது ஆகாது என்பதில் வீடு முழுதும் ஒரே வாய் பேசட்டும்.

சபுராளி வாப்பாமாருக்கு

என்னைப் போன்ற சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. விடுப்பில் வந்தவுடன் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று எதிர்பாராதீர்கள். முதல் சில நாள் தரையில் உட்கார்ந்து பக்கத்தில் விளையாடுங்கள், தானாக வரும். அதைக் கண்டிக்கும் உரிமையை, அதன் அன்பைப் பெற்ற பிறகு கையில் எடுங்கள். தாய்மாரும், "வாப்பா வரட்டும், சொல்லித் தாறேன்" என்று அவரைப் பூச்சாண்டியாக்கி வைக்காதீர்கள்.

கணவரும் வீட்டாரும் கவனிக்க வேண்டியது மற்றொன்று. இரவில் தூங்காத தாய், நாள் முழுதும் ஒற்றையாய்ப் பிள்ளையோடு போராடும் தாய், கோபப்படாமல் இருப்பது எளிதல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டு வேலைகளில் ஒத்தாசை செய்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தினமும் அரை மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். பாதி அடம் அங்கேயே தீரும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

அழும்போது மூச்சடைத்து உடல் நீலம் பாரித்தால், மயங்கினால். தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்து, தினமும் பல தடவை வந்தால். ஐந்து வயதாகியும் குறையாவிட்டால். வயதுக்கேற்ற பேச்சு வராவிட்டால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். காது கேளாத பிள்ளையை அடங்காப் பிள்ளை என்று அடித்த வீடுகளும் உண்டு. மூச்சடைப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. சிலருக்கு இரும்புச் சத்துக் குறைவால் வரும். அதையும் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முடிவாக

பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், அதன் உள்ளம் மாசற்ற விலை மதிப்புள்ள மணி என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அமானிதப் பொருளில் கீறல் விழுந்தால் உடையவனுக்கு என்ன பதில் சொல்வது?

நான் பயணத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டேன். அதே வீடு, அதே முற்றம். என் மகளின் கடைக்குட்டிக்கு இப்போது இரண்டு வயது. போன வாரம் என் மூக்குக் கண்ணாடிக்காக அதே இடத்தில் விழுந்து புரண்டான். நான் எழுந்தேன். "வாப்பா, நீங்க இருங்க. அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, அவன் அருகே தரையில் உட்கார்ந்தாள் என் மகள். சத்தம் போடவில்லை, கண்ணாடியையும் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே நகர்ந்து வந்து அவள் மடியில் தலையை வைத்தான்.

இதை அவள் என்னிடம் கற்கவில்லை. முந்தானைக்குள் ஒளித்துக்கொண்ட அந்த உம்மும்மாவிடம் கற்றாள். அல்லாஹ் அவரின் கப்ரை விசாலமாக்குவானாக! நம் மனைவி மக்களை நமக்குக் கண் குளிர்ச்சியாக்கித் தரும்படி ஃபுர்கான் சூராவில் கற்றுத் தந்த துஆவை நாம் தொழுகைக்குப் பின் ஓதுகிறோம். அந்தத் துஆ ஏற்கப்படும் வாசலை நம் கையாலேயே அடைத்துவிடாமல் வல்ல நாயன் நம்மைக் காப்பானாக! ஆமீன்.